ஹோர்ட்டன் சமவெளியில் ஒரு சுற்று



மலைநாட்டுத் தோட்டங்களிலே பிறந்து வளர்ந்தவர்களுக்கு மலையேறுதல் என்பது உல்லாசம் அன்று, அது பிழைப்பு. கூடையின் கயிற்றைத் தலையிலே மாட்டிக்கொண்டு நாள்தோறும் சரிவுகளில் ஏறி இறங்கும் ஒரு தாயிடம் சென்று, "பொழுதுபோக்காக ஒரு மலை ஏறி வருவோம், வாருங்கள்" என்று அழைத்தால், அவள் நம்மை ஏற இறங்கப் பார்ப்பாள். 2017ஆம் ஆண்டு மாசி மாதத்தில் என் தந்தையாரை ஹோர்ட்டன் சமவெளிக்கு அழைத்தபோது அவரும் என்னை அவ்வாறே பார்த்தார். ஆயினும் மறுக்கவில்லை. "உலக முடிவு என்கிறார்களே, அந்த இடமா?" என்று மட்டும் கேட்டார். "ஆம்" என்றேன். அன்றிரவே தமது பழைய கம்பளிச் சட்டையை எடுத்து வெயிலில் போடுவதற்கென்று வெளியே வைத்துவிட்டார்.

அவருக்கு அப்போது எழுபத்தொரு வயது. வலது முழங்கால் அவ்வப்போது சொற்கேளாமல் மடங்கிவிடும். அவர் பிறந்தது அந்தச் சமவெளியின் தென்புறத்துச் செங்குத்துப் பாறைக்கு நேர் கீழேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்திலே. தம் வாழ்க்கையின் முதல் இருபத்தேழு ஆண்டுகளை அந்தப் பாறையை அண்ணாந்து பார்த்தபடியே கழித்தவர், ஒருநாளேனும் அதன் உச்சியிலே நின்றதில்லை. இதை நான் அறிவேன். அறிந்தே அழைத்தேன். ஆனால் இதற்கு மேலும் சில செய்திகள் இருந்தன. அவற்றை நான் அறிந்திருக்கவில்லை.

ஹோர்ட்டன் சமவெளியைப் பற்றி முதலிற் சிறிது கூறவேண்டும். கடல் மட்டத்திற்கு மேலே 2,100 முதல் 2,300 மீற்றர் வரை உயர்ந்து நிற்கும் ஒரு மேட்டுநிலம் அது. சிங்கள மக்கள் அதை மகா எலிய என்று வழங்கிவந்தனர். 1831 முதல் 1837 வரை இந்நாட்டின் ஆள்பதியாக இருந்த ஹோர்ட்டன் என்பாரின் பெயரை வெள்ளைக்காரர் அதற்குச் சூட்டினர். 1988இல் அது தேசிய பூங்காவாயிற்று. 2010இல் சிவனொளிபாத மலைக் காடுகளோடும் நக்கிள்ஸ் மலைத்தொடரோடும் சேர்த்து உலக மரபுரிமைப் பட்டியலில் வைக்கப்பட்டது. இவற்றையெல்லாம்விட முக்கியமானது ஒன்றுண்டு. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று பெருநதிகளுக்கும் நீரூட்டும் ஓடைகள் இந்த மேட்டிலே பிறக்கின்றன. நாட்டின் மூன்று திசைகளிலே விளையும் நெல்லுக்கு இங்கே ஊறும் தண்ணீரில் ஒரு பங்கு உண்டு.

இந்தக் காடு இன்றும் காடாக நிற்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் மலைகளெல்லாம் மொட்டையடிக்கப்பட்ட அந்தக் காலத்தில், 1873இல், ஜோசப் ஹூக்கர் என்ற பெயர்பெற்ற தாவரவியலறிஞர் ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டாது விடவேண்டும் என்று ஆங்கில அரசுக்கு எடுத்துரைத்தார். தேயிலை ஓரிடத்தில் நின்று, அதற்கு மேலே கருங்காடு தொடங்குவதை நாம் இன்று மலைநாட்டிற் பல இடங்களில் காண்கிறோம் அல்லவா? அந்த எல்லைக்கோட்டின் பின்னே அந்த அறிஞரின் அறிவுரையும் இருக்கிறது. கோட்டுக்குக் கீழே வேலை செய்தவர்களுக்கு மேலே போக வேலையில்லை. என் தந்தையார் சிறுவராக இருந்த காலத்தில், "அது துரைமார் மீன் பிடிக்கப் போகும் இடம், நமக்கு அங்கே என்ன?" என்று பெரியவர்கள் சொல்லுவார்களாம். அது உண்மைதான். ட்ரவுட் என்னும் மேல்நாட்டு மீனைக் கொண்டுவந்து அந்தக் குளிர்ந்த ஓடைகளிலே விட்டுத் தூண்டில் போட்டு மகிழ்ந்தவர்கள் அவர்கள்.

நாங்கள் முதல்நாள் மாலையே ஒஹியவுக்குப் போய்விட்டோம். பதுளைப் பாதையிலே புகையிரதத்திற் பிரயாணம் செய்தவர்கள் பட்டிப்பொலவை மறந்திருக்கமாட்டார்கள். 6,200 அடிக்கு மேலே நிற்கும் அந்த நிலையமே இந்நாட்டுப் புகையிரத நிலையங்களுள் மிக உயர்ந்தது. அதைக் கடந்ததும் ஒரு சுரங்கம் வரும். சுரங்கத்தின் ஒருபுறம் மழையும் மறுபுறம் வெயிலும் இருப்பது அங்கே அதிசயமன்று. அதைத் தாண்டினால் ஒஹிய. எங்கள் தோட்டத்து மக்கள் புகையிரதத்தைக் கோச்சி என்பர்; என் தந்தையாருக்கு இன்றும் அது கோச்சிதான். ஒஹியவில் உறவினர் ஒருவர் வீட்டிலே இரவைக் கழித்துவிட்டு, விடியுமுன் முச்சக்கர வண்டியொன்றில் ஏறிப் பதினொரு கிலோமீற்றர் மலைப்பாதையைக் கடந்து, வாயில் திறக்கும் ஆறு மணிக்கெல்லாம் பூங்காவை அடைந்தோம்.

வாயிலில் வனஜீவராசிகள் திணைக்களத்தார் பைகளைத் திறந்து பார்க்கின்றனர். பொலித்தீன் எதுவும் உள்ளே போகக்கூடாது. தண்ணீர்ப் போத்தலின் மேலே ஒட்டியிருக்கும் தாளைக்கூட உரித்து வாங்கிக்கொள்ளுகிறார்கள். எங்கள் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் பொலித்தீன் தாளிலே சுற்றப்பட்டிருந்தன. அங்கிருந்த இளம் உத்தியோகத்தர் சிறிது தயக்கத்தோடு அதைக் கேட்டார். என் தந்தையார் தமது தோளிலிருந்த துவாயை விரித்து, ரொட்டியை அதிலே அடுக்கி, முடிந்து, அந்தத் தாளை அழகாக மடித்து அவர் கையிற் கொடுத்துவிட்டு, தமக்குப் பழக்கமான சிங்களத்தில், "முன்னெல்லாம் இப்படித்தான் மகனே கட்டிக்கொண்டு போவோம்" என்றார். அந்த இளைஞர் சிரித்துவிட்டார். திணைக்களத்தாரின் இந்தக் கெடுபிடியைச் சிலர் குறைகூறக் கேட்டிருக்கிறேன். அந்தப் பாதை நெடுகக் குப்பையில்லாமல் நடந்தவன் என்ற முறையில் எனக்கு அதில் ஒரு குறையும் தோன்றவில்லை.

நடை தொடங்குமிடம் ஃபார் இன் என்ற பழைய கட்டடம். ஒரு காலத்தில் வெள்ளைக்காரரின் வேட்டை விடுதியாக இருந்தது. இப்போது வருவோருக்கு விவரம் கூறும் நிலையமாக விளங்குகிறது. அதன் முற்றத்திலே மரைகள் மாடுகளைப்போல் நிற்கும். அங்கிருந்து புறப்படும் பாதை ஒரு சுற்று. சிறிது தூரம் சென்றதும் வழி இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளையிலே போனால் முதலிற் சின்ன உலக முடிவு, பிறகு உலக முடிவு, அப்பால் பேக்கர் நீர்வீழ்ச்சி, பின்னர் மீண்டும் புறப்பட்ட இடம். மற்றக் கிளையிலே போனால் இதே இடங்கள் தலைகீழ் வரிசையில் வரும். முழுச் சுற்றும் ஏறக்குறைய ஒன்பது கிலோமீற்றர். நல்ல காலுடையவர் மூன்று மணி நேரத்தில் முடித்துவிடுவர்.

எந்தக் கிளையிலே போவது? இங்கேதான் நான் தவறு செய்தேன்.

நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் வழி செங்குத்தானது என்று படித்திருந்தேன். தந்தையாரின் முழங்கால் களைத்துப்போவதற்கு முன், காலைக் குளிர்ச்சியிலேயே அந்த இறக்கத்தை முடித்துவிடுவது நல்லது என்று கணக்குப் போட்டேன். அன்றியும், வந்தவர்களெல்லாரும் உலக முடிவை நோக்கியே விரைந்தார்கள்; கூட்டத்தில் அவரை நெரிசற்பட வைக்கவும் மனமில்லை. "நாம் நீர்வீழ்ச்சிப் பக்கமாகவே போவோம், அப்பா" என்றேன். அவர் ஒரு கணம் மற்றப் பாதையைப் பார்த்தார். பின், "சரி தம்பி, நீ படித்தவன்" என்று சொல்லி என் பின்னே நடந்தார். அந்தச் சொல்லை நான் புகழ்ச்சியாகவே எடுத்துக்கொண்டேன்.

தொடக்கத்தில் வழி பத்தனைப் புல்வெளியூடே போகிறது. தை, மாசி மாதங்களில் இரவிலே பள்ளப்பகுதிகளில் உறைபனி விழும். காலையில் நாங்கள் போனபோதும் புல்நுனிகள் உப்புப் பூத்தாற்போல் வெளுத்திருந்தன. ஓடைக்கரைகளில் இடுப்பளவே வளரும் ஒருவகைச் சிறு மூங்கில் அடர்ந்து நிற்கிறது. புல்வெளியைக் கடந்து காட்டுக்குள் நுழைந்தால் வெளிச்சமே வேறு. அந்தக் காட்டைப் பெருமழைக் காடென்று எண்ணிக்கொண்டு போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். மரங்கள் உயரமில்லை. காற்றும் குளிரும் அவற்றை வளரவிடாமல் முறுக்கிப் பிழிந்து வைத்திருக்கின்றன. உச்சிகள் குடைபோல் தட்டையாக விரிந்திருக்கும். அடிமரம் முதல் கிளைநுனிவரை பாசி போர்த்தியிருக்கும். கிழவனின் தாடிபோல் வெளிறிய பூஞ்சணப் பாசிகள் தொங்கும். சிங்களத்தில் கீனா என வழங்கும் மரமே மிகுதி. இடையிடையே மகா ரத்மல் என்னும் செம்பூ மரமும் உண்டு. நாங்கள் போனபோது ஓரிரு கிளைகளிலே பூவிருந்தது.

இத்தகைய காட்டை முகிற்காடு என்பர். மழையில்லாத நாளிலும் இந்தக் காடு தண்ணீர் சேர்க்கும் விதம் வியப்புக்குரியது. முகில் மரங்களினூடே தவழ்ந்து போகும்போது அதிலுள்ள நுண்துளிகள் இலைகளிலும் பாசியிலும் படிந்து, திரண்டு, சொட்டுச் சொட்டாக மண்ணில் விழுகின்றன. பாசி அவற்றைப் பஞ்சுபோல் தாங்கி வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடுகிறது. மரத்தை வெட்டிவிட்டால் முகில் வரும், போகும். தண்ணீர் மட்டும் தங்காது. இதை நான் தந்தையாருக்கு விளக்கிக்கொண்டே நடந்தேன். அவர் கேட்டுக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நின்று, பாசி படர்ந்த ஒரு கிளையை இரண்டு விரல்களால் அழுத்தினார். தண்ணீர் வழிந்தது. அந்த ஈரத்தை முகத்திலே தடவிக்கொண்டார்.

உயிரினங்களில் நாங்கள் கண்டது சொற்பம். மூக்கின்மேல் சிறு கொம்புடைய ஓணான் ஒன்று, இந்நாட்டைத் தவிர வேறெங்கும் இல்லாதது, ஒரு கிளையில் அசையாமல் இருந்தது. மந்திகளின் உறுமல் தொலைவில் கேட்டது. சிறுத்தையும் இங்கே உண்டு. ஆனால் அதைக் காண்பதற்கு வேறு நல்லூழ் வேண்டும். நெடுங்காலம் அழிந்துபோயிற்று என்றே கருதப்பட்ட இந்த மலைக்குரிய தேவாங்கு 2009இல் இக்காட்டிலே படம் பிடிக்கப்பட்டது. யானைகள்தாம் இல்லை. ஒரு காலத்தில் கூட்டம் கூட்டமாகத் திரிந்தவை. துப்பாக்கி அவற்றை முடித்துவிட்டது. காட்டின் சில பகுதிகளில் கீனா முதலிய மரங்கள் நின்றபடியே பட்டுப்போய் வெள்ளெலும்புகளாக நிற்பதையும் கண்டோம். கடந்த சில பத்தாண்டுகளாக இப்படி நடக்கிறது. காரணம் இதுவென்று அறிஞர்கள் ஒருமனதாகக் கூறவில்லை.

எட்டு மணியளவில் நீர்வீழ்ச்சியின் ஓசை கேட்டது. அங்கே ஒரு கிளைவழி மரவேர்களையும் படிகளையும் பற்றிக்கொண்டு கீழே இறங்குகிறது. படிகள் ஈரம். நான் முன்னே இறங்கி ஒவ்வொரு படியிலும் நின்று கைகொடுத்தேன். கடைசிக்கு முந்திய படியிலே அவரது முழங்கால் மடங்கிற்று. என் தோளை அவர் பற்றிய பற்றில் இருவரும் ஒரு வேரின்மேல் அமர்ந்துவிட்டோம். அடி எதுவும் படவில்லை. ஆனால் அவர் முகம் வெளுத்திருந்தது. மூச்சு நிதானப்படச் சிறிது நேரம் பிடித்தது. என் மனத்திலே அச்சம் புகுந்தது. திரும்பிவிடலாமா என்று கேட்டேன். "இறங்கியாயிற்று, முதலில் அதைப் பார்ப்போம்" என்றார்.

பேக்கர் நீர்வீழ்ச்சி மிக உயரமானதன்று. ஏறத்தாழ இருபது மீற்றர் இருக்கும். நம் மலைநாட்டிலே இதைப்போல் பத்து மடங்கு உயரமானவையும் உண்டு. ஆனால் அவற்றையெல்லாம் நாம் தெருவிலே வண்டியை நிறுத்திவிட்டுத் தூரத்திலிருந்து பார்க்கிறோம். இங்கே நீரின் முன்னால் நிற்கிறோம். அகன்ற கரும்பாறையின்மேல் வெண்மையான நீர் பல இழைகளாகப் பிரிந்து, விரிந்து, ஒரு சேலையை உதறினாற்போல் விழுகிறது. சுற்றிலும் பெரணிகள். சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயரின் பெயர் இதற்கு வாய்த்திருக்கிறது. 1848இல் நுவரெலியாவிலே குடியேறி, வேட்டை நாய்களோடு இந்த மேட்டு நிலமெங்கும் மரைகளைத் துரத்தித் திரிந்தவர். பின்னாளில் ஆபிரிக்காவுக்குச் சென்று 1864இல் ஆல்பர்ட் ஏரியைக் கண்டறிந்ததாகப் புகழ்பெற்றவர். இவ்வளவு அமைதியான ஓர் அருவிக்கு இவ்வளவு ஓயாத ஒரு வேட்டைக்காரரின் பெயர்!

"இது என்ன ஆறு?" என்று தந்தையார் கேட்டார்.

"பெலிகுல் ஓயா" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "எந்த பெலிகுல் ஓயா?"

ஒன்றுதானே இருக்கிறது என்று நான் கூறியபோதுதான் அவர் கேட்டதன் பொருள் எனக்கு விளங்கிற்று. அவர் குழந்தைப் பருவத்திற் குளித்த ஆறு அது. ஆத்தா அவரையும் அவர் தமையனாரையும் ஞாயிற்றுக்கிழமைகளில் கொண்டுபோய்த் தேய்த்துக் குளிப்பாட்டிய ஆறு. தோட்டத்துக்குக் கீழே பாறைகளினூடே அது ஓடும். அதன் தண்ணீர் ஏன் அத்தனை குளிராக இருக்கிறது என்று கேட்டால், "அது மேலே இருந்து வருகிறது" என்பாராம் ஆத்தா. மேலே என்றால் எங்கே என்று அவர் சொன்னதில்லை. அவருக்குத் தெரிந்திருக்கவும் நியாயமில்லை.

நான் கணக்கிட்டு வைத்திருந்தது பத்து நிமிடம். தந்தையார் அங்கே ஒரு மணி நேரம் இருந்தார். பார்வைக்கென்று கட்டிய மேடையிலே துவாயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் அந்தத் தண்ணீரையே பார்த்திருந்தார். நீரில் இறங்குவது அங்கே தடுக்கப்பட்டிருக்கிறது, ஆழமும் சுழலும் உண்டு, உயிரிழந்தவர்களும் உளர். ஆதலால் அவர் இறங்கவில்லை. காற்று திரும்பும்போது திவலைகள் எங்கள்மேல் படிந்தன. நான் இருமுறை கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்றாம் முறை பார்க்க நாணமாயிருந்தது.

ஒன்பது மணிக்கு மேல் புறப்பட்டோம். அங்கிருந்து திரும்பினால் நடை குறைவு. முன்னே போனால் உலக முடிவையும் கடந்து முழுச் சுற்றையும் நடந்தாகவேண்டும். முழங்காலை எண்ணித் திரும்பிவிடுவோம் என்றேன். அவர் ஏற்றத்தைப் பார்த்து, "மேலே போகும்போது இந்தக் கால் மடங்காது. இறங்கும்போதுதான் மடங்கும்" என்றார். அறுபது ஆண்டு மலைச்சரிவிலே உழைத்த காலைப் பற்றி அந்தக் காலுக்குடையவரிடம் வாதாடுவதற்கு நான் யார்? காட்டுக்குச்சியொன்றை ஊன்றுகோலாகக் கொண்டு அவர் ஏறினார். உண்மையாகவே அது மடங்கவில்லை.

உலக முடிவை அடையும்போது மணி பத்தைத் தாண்டிவிட்டது. நேயர்களுள் அங்கே போயிருப்பவர்கள் இதற்குள் நடந்ததை ஊகித்திருப்பீர்கள். மேட்டு நிலம் அங்கே சட்டென்று முடிந்து, 850 மீற்றருக்கு மேல் செங்குத்தாக இறங்குகிறது. காலையில் வானம் தெளிந்திருந்தால் கீழே தோட்டங்களும், அப்பால் தென்திசைச் சமவெளியும், மிகத் தெளிந்த நாளிலே கடலின் விளிம்பும் தெரியும் என்பர். ஆனால் வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கிலுள்ள ஈரக்காற்று சூடேறி, பாறைச்சுவரின் வழியே மேலெழுந்து, உயரத்தின் குளிர்ச்சியிலே முகிலாகத் திரண்டுவிடுகிறது. ஒன்பது, பத்து மணிக்குள் முகில் பாறையின் விளிம்பைத் தொட்டுவிடும். நாங்கள் கண்டது வெள்ளைச் சுவர் ஒன்றே. எமக்கு முன்னே வந்திருந்த இளந்தம்பதிகள் அந்த வெள்ளையின்முன் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் இந்த முகிலைப் பற்றிப் படிக்காமல் வந்தவனல்லேன். படித்தும், காலை நேரம் முழுவதையும் அருவியிலே செலவிட்டுவிட்டேன். என் வருத்தத்தைக் கண்ட தந்தையார் ஒரு பாறையிலே அமர்ந்து, ரொட்டி முடிச்சை அவிழ்த்துக்கொண்டே, "பத்து மணிக்கு மலை முக்காடு போட்டுக்கொள்ளும்" என்றார். பிரட்டுக்களத்திலே நின்று ஒவ்வொரு காலையும் அவர்கள் இந்தப் பாறையைப் பார்ப்பார்களாம். கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிடும்போது மலை தெளிவாக நிற்கும். முதற்கொழுந்து நிறுக்கும் வேளையில் உச்சி மறைந்துவிடும். அதைக்கொண்டே நேரம் சொல்லுவார்களாம்.

"அப்படியானால் காலையிலேயே என்னிடம் சொல்லியிருக்கலாமே, அப்பா?"

"நீ ஏதோ யோசித்துத்தான் அந்த வழியைப் பிடித்தாய். நடுவழியில் நான் ஏன் கலைக்கவேண்டும்?"

ரொட்டியைத் தின்றுகொண்டே அவர் தம் தமையனாரைப் பற்றிக் கூறினார். இருவருக்கும் மூன்று வயது வித்தியாசம். ஒருநாள் இந்தப் பாறையின் உச்சிக்குப் போய், அங்கிருந்து தங்கள் லயத்தின் கூரையைப் பார்க்கவேண்டும் என்பது அவர்களுடைய சிறுபிராயத்து ஒப்பந்தம். கூரையை அடையாளம் காண்பதற்காக அதன்மேல் ஒரு சிவப்புத் துணியைக் கல்வைத்துக் கட்டவேண்டும் என்றுகூடத் திட்டமிட்டிருந்தார்களாம். பின்னர் வந்த கதை மலைநாட்டிலே பல குடும்பங்களின் கதை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்கீழ்த் தமையனார் இந்தியாவுக்கு மனுச் செய்தார். தந்தையார் இலங்கைக்கு மனுச் செய்தார். ஒரு வயிற்றிற் பிறந்த இருவருக்கு இரண்டு நாடுகள் வாய்த்தன. 1973இல் பெரியப்பா குடும்பத்தோடு தலைமன்னாரிலே கப்பலேறினார். நீலகிரியிலே, கோத்தகிரிப் பக்கத்தில், அங்கும் தேயிலையிலேயே உழைத்து அங்கேயே காலமானார். அவர் புறப்பட்ட அதே ஆண்டு ஆத்தாவும் தவறிவிட்டார். தோட்டத்து மயானத்திலே அடக்கம். அதன்பின் தந்தையாரும் அந்தத் தோட்டத்தில் இருக்கவில்லை. சிவப்புத் துணி கட்டப்படவே இல்லை.

முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். வெள்ளை விலகவில்லை. மழைக்குறி தெரிந்ததால் எழுந்து நடந்தோம்.

சின்ன உலக முடிவு என்பது அதே பாறைச் சுவரின் மற்றொரு விளிம்பு; இறக்கம் அதைவிடக் குறைவு. அங்கேயும் முகில்தான். நான் நிற்காமலே கடக்க எண்ணினேன். தந்தையார் காலை ஆற்றிக்கொள்வதற்காகக் குச்சியை ஊன்றி நின்றார். அப்போது கீழிருந்து ஒரு காற்று வந்தது. முகில் கிழிந்தது என்று சொல்லவேண்டும். திறந்தது என்று சொன்னால் மிகை. ஒரு பாயளவு இடைவெளியிலே ஆழத்தில் பச்சை தெரிந்தது. அதன் நடுவே ஒரு தெரு, நூலைப்போல. தெருவின் ஓரத்திலே வரிசையாகத் தகரக் கூரைகள்.

"அப்பா, அதோ!" என்று கத்திவிட்டேன்.

அவர் விளிம்பை நெருங்கினார். நான் அவருடைய கம்பளிச் சட்டையைப் பின்னாலிருந்து இறுகப் பற்றிக்கொண்டேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். மூச்சு விடாமல் பார்த்தார். பிறகு தலையை அசைத்து, "அது நம்முடையது இல்லை. அடுத்த தோட்டம். நம்முடையது இன்னும் கிழக்கே, பாறைக்கு ஒட்டினாற்போல" என்றார். அவர் கை நீட்டிய இடத்தில் முகில் அசையாமல் கிடந்தது. ஆனால் வேறோரிடத்தில், வெகு தொலைவில், இடைவெளியூடே ஒரு நீர்ப்பரப்பு மின்னிற்று. "அந்தக் குளம் எங்கள் காலத்தில் இல்லையே!" என்றார்.

அது சமனலவெவ நீர்த்தேக்கம். மின்சாரத்துக்காகக் கட்டப்பட்டு 1992இல் நிறைவெய்தியது. வளவை கங்கையும் பெலிகுல் ஓயாவும் கூடுமிடத்துக்குச் சற்றுக் கீழே அதன் அணை நிற்கிறது. இதை நான் அவரிடம் சொன்னேன். "காலையில் பார்த்தோமே, அந்தத் தண்ணீரா அங்கே போய் நிற்கிறது?" என்று கேட்டார். ஆம் என்றேன். அவ்வளவுதான், மீண்டும் எல்லாம் வெள்ளையாயிற்று. அந்தக் காட்சி ஒரு நிமிடம் நீடித்திருக்காது.

ஃபார் இன்னை அடையும்போது மழை பிடித்துவிட்டது. முற்றத்திலே ஒரு கிழ மரை வருவோர் போவோரின் கையைப் பார்த்து நின்றது. அவற்றுக்குத் தீனி போடக்கூடாதென்பது சட்டம். தந்தையார் மிஞ்சிய ஒரு ரொட்டியைத் துவாயோடு மறைத்துக்கொண்டு, "எனக்கே போதாது" என்று அதனிடம் சொல்லிவிட்டு வந்தார். போக எண்ணும் நேயர்களுக்கு ஒன்று கூறுவேன். விடிந்தவுடன் முதலில் பாறைப் பக்கமாகப் போங்கள்; அருவி எப்பொழுதும் அங்கேயே இருக்கும். இறக்கத்துக்கு ஓர் ஊன்றுகோல் கொண்டுபோங்கள்.

அன்று மாலை ஒஹிய நிலையத்திலே கோச்சிக்காகக் காத்திருந்தபோது, கோத்தகிரியிலுள்ள பெரியப்பாவின் மகளுக்கு ஒரு கடிதம் எழுதவேண்டும் என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். உலக முடிவுக்குப் போனோம், அங்கே உட்கார்ந்து ரொட்டி தின்றோம், பக்கத்துத் தோட்டத்துக் கூரைகளைப் பார்த்தோம், நமது ஆறு விழுகிற இடத்தைப் பார்த்தோம், உன் அப்பாவுக்கு இது தெரியாது, அவர் படத்துக்கு விளக்கேற்றும்போது சொல்லிவிடு, இவ்வளவே. முகிலைப் பற்றியோ, வழியை நான் மாற்றிப் பிடித்ததைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை. சேர்க்கட்டுமா என்று கேட்டேன். "எதற்கு? அவளுக்குத் தபால் சேரவேண்டும், சரியான முகவரியை எழுது" என்றார்.